சென்னையில் இத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் கடலோரம் ஏன் நாறுகிறது?

கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சென்னையில் நாலா பக்கமும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் ஏன் கறுப்பாகவே ஓடுகின்றன? அவ்வளவு பெரிய கடலுக்கு இதனால் என்ன ஆகிவிடும்? பேசாமல் ஒரு பெரிய குழாய் போட்டு எல்லாவற்றையும் ஆழ்கடலில் விட்டுவிட்டால் என்ன? இவைதான் உங்கள் கேள்விகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிலையத்துக்கு வந்து சேராத கழிவுநீர்தான் சென்னையின் பெரிய சிக்கல். அது தீராமல் கடலுக்குள் குழாய் போட்டால் பணம்தான் போகும். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில், சுத்திகரித்த நீரைக் கடலுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதே கடலையும் காப்பாற்றும் வழி. ஏன் என்று விளக்குகிறேன்.

மேலே சொன்ன நான்கு வளாகங்களிலும் சேர்த்து நாளொன்றுக்கு 727 மில்லியன் லிட்டர், அதாவது சுமார் 73 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் வசதியைப் படிப்படியாகக் கட்டினார்கள். கொடுங்கையூரில் 270, கோயம்பேட்டில் 214, பெருங்குடியில் 126, நெசப்பாக்கத்தில் 117. இந்தியாவின் பல நகரங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல கணக்கு. ஆனால் பல ஆண்டுகளாக இந்த நிலையங்களுக்கு வந்து சேர்ந்த நீர் அவற்றின் கொள்ளளவைவிடக் குறைவு. தொட்டியில் இடம் இருக்கிறது, ஆற்றில் சாக்கடையும் ஓடுகிறது. இந்த இரண்டும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பதுதான் விஷயமே.

காரணம் பழையது. நகரின் பாதாளச் சாக்கடை 1910 வாக்கில் வடிவமைக்கப்பட்டபோது, 1961-ல் சுமார் ஆறரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது ஊரில் 17 லட்சம் பேர் இருந்தார்கள். அதன்பிறகு குழாய்கள் மாற்றப்பட்டன, புதிய உந்து நிலையங்கள் வந்தன; ஆனால் மக்கள்தொகை எப்போதும் குழாயைவிட ஒரு படி முன்னால்தான் ஓடியது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக ஒரே மூச்சில் விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றில் அப்போது பாதாளச் சாக்கடையே கிடையாது. செப்டிக் டேங்கும் லாரியும்தான். பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் வானளாவ எழுந்த அடுக்குமாடிகள் பலவும் இதே கதைதான். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், சொந்தமாக எஸ்டிபி, அதாவது வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வைத்திருப்பார்கள். அது ஓடுகிறதா என்பது மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சரி, குழாய் இருக்கும் இடங்களிலாவது எல்லாம் நிலையத்துக்குப் போகிறதா? அங்கேதான் மழைநீர் வடிகால் வருகிறது. சென்னையில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனி. முன்னதைப் பார்த்துக்கொள்வது 1978-ல் உருவான குடிநீர் வாரியம், எல்லோரும் சொல்லும் மெட்ரோ வாட்டர். பின்னது மாநகராட்சியின் பொறுப்பு. அந்த வடிகால் போய் விழும் ஆறு நீர்வளத் துறையின் கையில். ஒரு வீட்டின் கழிவுநீர் வடிகாலில் இணைக்கப்பட்டிருந்தால் மூன்று அலுவலகங்களும் மற்ற இரண்டைக் கைகாட்டலாம். கட்டும்போதே கொத்தனார் பக்கத்தில் இருக்கும் வடிகாலில் ஒரு குழாயைச் சொருகிவிட்டுப் போவது, கடைக்காரர் எண்ணெய் கழுவிய நீரை அதில் ஊற்றுவது, இரவில் லாரி வந்து மூடியைத் திறந்து கொட்டுவது என்று வழிகள் ஏராளம். சித்திரை வெயிலில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை.

மழைக்காலத்தில் நேர்மாறாக நடக்கிறது. தெருவில் தேங்கிய நீரை வடியவைக்க யாரோ சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். மொட்டைமாடித் தண்ணீரும் சில வீடுகளில் சாக்கடைக் குழாய்க்கே போகிறது. குழாய் அந்த அளவுக்குக் கட்டப்படவில்லை. உந்து நிலையம் திணறும், தாழ்வான தெருவில் மூடி வழியாகப் பொங்கும், பொங்கியது வடிகால் வழியாக ஆற்றுக்குப் போகும். மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்த குழாயைச் சுத்தம் செய்ய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதன் பிறகும் விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் நின்றபாடில்லை. கடலைப் பாதுகாப்பது பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தச் சாவுகளை யாரும் எடுப்பதில்லை. அடைபட்ட அதே குழாய்தான் இரண்டுக்கும் காரணம்.

அப்புறம், நிலையத்துக்கு வந்துசேர்ந்த நீருக்கு என்ன நடக்கிறது? முதலில் கம்பிச் சல்லடை துணி, பாலிதீன், சாஷே உறைகளைப் பிடிக்கிறது. மணல் தொட்டியில் மணல் இறங்குகிறது. படிவுத் தொட்டியில் கனமானவை அடியில் தங்குகின்றன. அதன்பின் காற்றூட்டத் தொட்டி: அடியிலிருந்து காற்றைக் கொப்பளிக்கவிட்டு, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக்குவார்கள். தின்று கொழுத்தவை அடுத்த தெளிவுத் தொட்டியில் கசடாக இறங்க, மேலே ஓரளவு தெளிந்த நீர் வழிந்துவரும். கசடின் ஒரு பகுதியை மறுபடியும் காற்றூட்டத் தொட்டிக்கே திருப்பிவிடுவார்கள், மீதியைக் காற்றுப்புகாத செரிப்பானில் அடைத்து எரிவாயு எடுப்பார்கள். சென்னையின் நான்கு வளாகங்களிலும் இந்த வாயுவில் இன்ஜின் ஓட்டி மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். பராமரிப்பு சரியாக இருந்தால் நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் நல்லதொரு பங்கை அதிலிருந்தே பெறலாம்.

இந்த முறை ஆக்சிஜனைக் குடிக்கும் அழுக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீக்கிவிடும். அந்த அழுக்கை அளக்கும் கணக்குக்கு பிஓடி என்று பெயர். பெருநகரங்களில் வெளியேறும் நீரில் இது லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2017-ல் மத்திய அரசு விதித்தது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆகக் குறைக்கச் சொன்னது. ஆனால் பழைய முறையில் கட்டிய நிலையங்கள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரிதாக நீக்குவதில்லை. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும் சோப்புத் தூளிலிருந்து வரும் பாஸ்பேட்டும் பெருமளவு தாண்டிவந்துவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அந்த நீர் கடற்பாசிக்கும் மிதவை உயிர்களுக்கும் கரைத்து வைத்த உரம்.

இனி கடல். கடல் பெரியதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சென்னையின் கழிவுநீர் அந்தப் பெரிய கடலுக்குப் போவதில்லை. கரையோரத்தில் ஒரு குறுகலான பட்டைக்குள்தான் போய்ச் சேருகிறது. கோயம்பேட்டின் நீர் கூவத்துக்கு, நெசப்பாக்கத்தின் நீர் அடையாற்றுக்கு, கொடுங்கையூரின் நீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு, பெருங்குடியின் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வழியாக ஒக்கியம் மடு என்ற ஓடையைத் தாண்டி, மறுபடியும் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து முட்டுக்காட்டுக்கு. வழியில் சுத்திகரிக்காத நீரும் கூடிக்கொள்கிறது. கோடையில் ஆற்றில் வேறு நீரே கிடையாது. இந்த முகத்துவாரங்களை அலைகள் கொண்டுவரும் மணல் அடைத்துவிடும். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது, வடசென்னைக் கரை அரிக்கப்பட்டது. நம் பக்கம் ஓத ஏற்றவற்றமும் சுமார் ஒரு மீட்டர்தான். அடைத்த வாயைத் தானாகத் திறந்துவிடும் வலு அதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஆறு மாதக்கணக்கில் குளமாகக் கிடக்கிறது.

குளமாகக் கிடக்கும் சாக்கடையில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் வேறுவகை நுண்ணுயிர்கள் சல்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. சல்பேட் கடல்நீரில் ஏராளமாக இருக்கிறது, லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல். அதனால்தான் உப்புநீர் கலக்கும் கழிமுகம், அதே அழுக்குள்ள நன்னீர்க் குட்டையைவிட அதிகமாக நாறுகிறது: அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு, கறுப்பு நிறம் இரும்பு சல்ஃபைடு. கூவம் கடலில் சேரும் இடத்தருகே இருக்கும் நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போவதற்குக் காரணம் இந்த வேதியியல்தான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நம்மூர் வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம். சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு லிட்டருக்குக் குடிக்கும் ஆக்சிஜன் 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சாக்கடை நாற்பது லிட்டர் கடல்நீரை மூச்சுமுட்டச் செய்துவிடும். திறந்த கடலில் காற்றும் அலையும் அதை ஈடுகட்டிவிடும். முகத்துவாரத்தில் ஈடுகட்ட முடியாது. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம், மாதக்கணக்கில் அடியில் படிந்த கறுப்புச் சேற்றைக் கலக்கிக்கொண்டு வரும்போது அடையாற்று முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது. 2019 நவம்பர் இறுதியில் மெரினாவிலிருந்து தெற்கே கரையெங்கும் வெள்ளை நுரை ஒதுங்கியது நினைவிருக்கலாம். குழந்தைகள் அதில் விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். கனமழை அடித்துக்கொண்டுவந்த கழிவும் சோப்பும் அலையில் அடிபட்டு எழுந்த நுரை அது.

செத்து மிதப்பதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்கு ஏறிவந்து வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவையும் அப்படித்தான். கொடுவாயும் இளவயதைக் கழிமுகத்தில் கழிக்கும். கழிமுகம் கெட்டால், நேராகக் கடலில் எதுவும் கொட்டாமலே கடலின் மீன்வளம் குறையும். எண்ணூர்ப் பக்கம் கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்தவர்களிடம் கேட்டால் இதை எந்த அறிக்கையும் இல்லாமல் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குச் சாக்கடையோடு அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்த சுமை.

உரம் ஏறிய நீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கரைகளில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. அது கழிவுநீரால் மட்டும் வருவதில்லை, பருவக்காற்றும் நீரோட்டமும் காரணம்தான். ஒரு இரவுக் காட்சியை வைத்துக் குற்றம்சாட்ட மாட்டேன். ஆனால் சத்து மிகுந்த நீரில் அதன் இரை பெருகும்போது அதுவும் பெருகும். மறு மாதமே மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் இதே உயிரி பெருகிக் கடல் பச்சையானது, மீன்கள் செத்து ஒதுங்கின.

இன்னொரு கோணம் அதிகம் பேசப்படுவதில்லை. சென்னை இந்தக் கடலைக் குடிக்கிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் ஒரு கடல்நீர் ஆலை, நெம்மேலியில் 2013-ல் ஒன்று, அங்கேயே 2024-ல் இன்னொன்று. பேரூரில் நாளொன்றுக்கு 400 மில்லியன் லிட்டருக்கு மிகப் பெரிய ஒன்றுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். காட்டுப்பள்ளி எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே. நெம்மேலி முட்டுக்காட்டுக்குத் தெற்கே. ஆலையின் நுண்சவ்வுகளுக்குப் பாசியும் அழுக்கும் ஜென்ம விரோதிகள். கடல் அசுத்தமானால் முன்சுத்திகரிப்புச் செலவு ஏறும், சவ்வை அடிக்கடி கழுவ வேண்டும். கூவத்தில் விட்டதற்கான பில் குடிநீர்க் கணக்கில் வரும்.

இப்போது அந்தக் குழாய் யோசனை. அது முட்டாள்தனமான யோசனை இல்லை. ஆழமான இடத்தில், பல துளைகள் வழியாகப் பிரித்து விட்டால் கழிவுநீர் உடனே நூறு மடங்குக்கு மேல் கரைந்துவிடும். குடல் கிருமிகள் உப்பிலும் வெயிலிலும் வேகமாகச் சாகும். மும்பையில் வொர்லி, பாந்த்ரா இரண்டு இடங்களிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நீளும் வெளியேற்றுக் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சல்லடையும் மணல் நீக்கமும் மட்டும் கண்ட நீரைத்தான் கொண்டுபோயின. கடைசியில் ஏழு புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வேண்டியதாகி, 2023 ஜனவரியில் அவற்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். குழாய் தந்தது அவகாசம் மட்டுமே.

சரியாகச் செய்தவர்கள் யார் என்றால் பாஸ்டனைச் சொல்வேன். 1972-ல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தபோது எல்லா நகரங்களும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு, அதாவது மேலே சொன்ன நுண்ணுயிர்க் கட்டம் வரைக்கும் செய்ய வேண்டும் என்றானது. பாஸ்டன் பகுதியின் அன்றைய கழிவுநீர் நிர்வாகம், கடல்தானே, எங்களுக்கு விலக்கு கொடுங்கள் என்று விண்ணப்பித்து ஆண்டுகளைக் கடத்தியது. விலக்கு மறுக்கப்பட்டது. இதற்கிடையே பக்கத்து ஊரான குவின்சியின் நகர வழக்கறிஞர் கடற்கரையில் ஓடப் போய், காலடியில் மலம் கிடந்ததைக் கண்டு 1982-ல் வழக்குப் போட வைத்தார். பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் கால அட்டவணை போட்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் கண்காணித்தது. 1991 இறுதியில் துறைமுகத்தில் கசடு கொட்டுவது நின்றது. டீர் ஐலண்டில் புதிய நிலையம் படிப்படியாக இயங்கியது. 2000 செப்டம்பரில் கடலடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 380 கோடி டாலர். மக்கள் கட்டிய கழிவுநீர்க் கட்டணம் எகிறி, தெருவில் போராட்டமே நடந்தது. துறைமுகம் தெளிந்தது, ஈரலில் கட்டியோடு பிடிபட்ட தட்டைமீன்களில் அந்தக் கட்டிகள் காணாமல் போயின.

அங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் கசடை நிறுத்தினார்கள், சுத்திகரிப்பைக் கட்டினார்கள், சுரங்கம் பிறகுதான் வந்தது. மழைநாளில் பொங்கும் பழைய சாக்கடை வாய்களை மூட அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செலவழித்தார்கள். எதிரே இருக்கும் கேப் காட் மக்கள், எங்கள் விரிகுடாவையும் திமிங்கலங்களையும் கெடுக்கிறீர்களா என்று கேட்டதால் தொடர்ச்சியான கடல் கண்காணிப்பும் கட்டாயமானது. நம் ஊரில் நிலையத்துக்கே வராத நீருக்கு எந்தச் சுரங்கமும் உதவாது. அது கூவத்தின் வாயில்தான் விழும்.

தவிர, பாஸ்டனுக்கு நீர்ப்பஞ்சம் இல்லை. 2019 கோடையில் நம் நான்கு ஏரிகளும் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. கடல்நீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம். சுத்திகரித்த கழிவுநீரில் ஓரிரு கிராம். எதை நன்னீராக்க மின்சாரம் அதிகம் தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. இதை நம் ஊர் வெகுமுன்பே கண்டுகொண்டது என்பதுதான் வேடிக்கை: மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே கொடுங்கையூர் நீரை விலைக்கு வாங்கி, தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தின. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 மில்லியன் லிட்டருக்கு மூன்றாம் நிலை ஆர்ஓ ஆலைகளை, அதாவது சுத்திகரித்த நீரை மறுபடி சவ்வு வழியாக வடிகட்டும் ஆலைகளை, வாரியமே தொடங்கியது. முதலாவது வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு, இரண்டாவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். ஆலைகள் அந்த 9 கோடி லிட்டரை எடுத்துக்கொண்டால், அதே அளவு குடிநீர் மக்களுக்கு மிச்சம். அந்த நீரிலிருந்த அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நேராகக் கழிமுகத்துக்குப் போவதில்லை. மொத்தக் கொள்ளளவில் இது எட்டில் ஒரு பங்குதான். இதை எட்டில் நான்காக்குவது, இன்னொரு கடல்நீர் ஆலை கட்டுவதைவிட முந்த வேண்டிய வேலை என்பது என் கட்சி. ஆர்ஓ ஒதுக்கும் உப்புக் கரைசலை எங்கே விடுவது என்ற கேள்வி இங்கேயும் உண்டு. ஆனால் அது கடல்நீர் ஆலை துப்புவதைவிட அளவிலும் உப்பிலும் குறைவு.

அதோடு, புதிதாகக் கட்டும் நிலையங்களில் நைட்ரஜன் நீக்கம் கட்டாயம் வேண்டும். காற்றூட்டத்தையும் காற்றில்லாத கட்டத்தையும் மாறி மாறிக் கொடுத்தால் நுண்ணுயிர்களே அம்மோனியாவை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். இடமும் மேற்பார்வையும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான். முகத்துவாரங்களைத் தூர்வாருவதும் வேண்டியதே. ஆனால் சாக்கடையை நிறுத்தாமல் வாயை மட்டும் திறந்தால், குளமாகத் தேங்கியதைக் கரைக்கு அனுப்புகிறோம்.

வீட்டளவில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டு ஆய்வுத் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு வாளி நீரில் சாயம் கலந்து கழிப்பறையில் ஊற்றச் சொல்லிவிட்டு, அது தெருவில் எந்த மூடிக்குள் வருகிறது என்று பாருங்கள். வடிகாலில் வந்தால் இணைப்பை மாற்ற வேண்டும். பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவென்றால் வாரியத்தில் விண்ணப்பிக்கலாம், அழைத்தால் இணைப்பு, இல்லந்தோறும் இணைப்பு என்ற பெயர்களில் இதற்கென்றே திட்டங்கள் உண்டு. செப்டிக் டேங்க் என்றால் உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிட்டு, எந்த நிலையத்தில் இறக்கினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். மொட்டைமாடிக் குழாய் சாக்கடையில் இணைந்திருந்தால் அதைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள், சங்கக் கூட்டத்தில் எஸ்டிபியின் மாத மின்சார அளவைக் கேளுங்கள். காற்றூட்டும் ஊதுகுழல் ஓடாத எஸ்டிபி அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.